ஒரு நன்றியால் வந்த வினை

"நிரந்தர வேலையா, முடிவு தேதி உள்ள வேலையா? அதை மட்டும் ஏங்க எழுதாம அனுப்பினீங்க?" கைபேசித் திரையில் மனைவி முறைத்தாள்.

"தெரிஞ்சாத்தானே எழுதறதுக்கு!" என்றான் மெக்கானிக்.

ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்திருந்தான். அனுமதி கிடைத்தால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனைவியும் மகளும் அவனோடு வந்து சேரலாம். படிப்பு, அனுபவம் எல்லாம் கடகடவென்று எழுதியவனுக்கு, வேலை பற்றிய அந்த ஒரு கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. காலியாகவே அனுப்பிவைத்தான். இப்போது குடியேற்ற அலுவலகத்தில் விளக்கம் கேட்கிறார்கள்.

"முதலாளிகிட்டக் கேட்டா முடிஞ்சுது."

"வெறுங்கையோட வந்து நின்னவனுக்கு வேலை கொடுத்து, தங்க மாடி அறை கொடுத்து, காய்ச்சல்ல கிடந்தப்போ கூடவே உக்காந்திருந்த மனுஷன். அவர்கிட்டப் போய், 'என்னை எத்தனை நாள் வச்சிருப்பீங்க'ன்னு கேக்கச் சொல்றியா?"

"அப்ப முதல்ல ஒரு நன்றியைச் சொல்லுங்க. அப்புறம் மெதுவா விஷயத்துக்கு வாங்க."

நல்ல யோசனைதான். ஆனால் நெருங்கியவர்களிடம் வாய்விட்டு நன்றி சொல்கிற பழக்கம் நமக்கு ஏது? எல்லாம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற கூட்டம். அதையும் மீறி ஒருவன் சொன்னால், மூட்டை கட்டிவிட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மறுநாள் முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "முதலாளி, நீங்க செஞ்சதுக்கெல்லாம் ரொம்ப நன்றி."

முதலாளியின் முகம் தொங்கிப்போனது. "என்ன தம்பி, திடீர்னு?"

"சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிப்பா. எங்க இருந்தாலும் நல்லா இரு."

மெக்கானிக் பதறிப்போனான். "ஐயோ, அதுக்கில்ல முதலாளி..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி, அன்று இரவு கைபேசியில்.

"கேக்கறதுக்குள்ள வழியனுப்பி வச்சுட்டார்!"

"நீங்க கடனேன்னு சொல்லியிருப்பீங்க. நாளைக்கு நல்லா உருக்கமா சொல்லுங்க."

உருக்கமாகச் சொன்னான். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய், சக்கரம் வைத்த பெரிய பயணப்பெட்டி ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார்.

அந்த வாரமே பட்டறைக்கு ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை. "இங்க மெக்கானிக் வேலை விஷயமா..."

"வாங்க, புரியுது," என்றான் மெக்கானிக். தன் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. மனைவி முகமும் மகள் முகமும் கண்முன் வந்து போயின. இருந்தாலும், போகிற நேரத்தில் அந்த நல்ல மனுஷனைத் தவிக்கவிடலாமா?

"இந்தப் பம்ப் லேசில கிளம்பாது, பக்கத்துல ஒரு தட்டு தட்டணும். கேஸ் நிரப்பறதுக்கு முன்னாடி கசிவு இருக்கான்னு சோப்புத் தண்ணி விட்டுப் பாருங்க. முதலாளி காபிக்குச் சர்க்கரை கேப்பார், கொடுத்துடாதீங்க. அவருக்கு ஆகாது."

"இல்லைங்க, நான் வந்தது..."

"எனக்கு இங்கேயே கிடக்கணும்னுதான் ஆசை. கொடுத்து வைக்கல. நீங்களாவது அவரை விட்டுட்டுப் போயிடாதீங்க," என்றவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பையும் ஆளுமாக நின்றவரைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓ, இவனை இழுத்துட்டுப் போக வந்த கம்பெனிக்காரர் நீங்கதானா? நல்லா இருப்பீங்களா? இந்தக் கடையை இழுத்து மூடற நாள் வரைக்கும் இவன் என்கூட இருப்பான்னு நம்பிட்டு இருந்தேனே!"

மெக்கானிக் திகைத்தான். "இவர் நீங்க போட்ட புது ஆள் இல்லையா?"

"புது ஆளா? நான் எதுக்குப் போடறேன்? நீதானே பெட்டி கட்டறே?"

"பெட்டியே நீங்க கொடுத்ததுதானே முதலாளி!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தவர் பக்கம் திரும்பினார்கள். இவ்வளவு நேரம் கழித்து அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"குடியேற்ற அலுவலகத்திலேருந்து வரேன். நிரந்தர வேலையான்னு கேக்கத்தான் வந்தேன், இனிமே கேக்க வேண்டியதில்ல. அந்தப் பெட்டியை மட்டும் உங்க மனைவிக்கு அனுப்பிடுங்க, அவங்களுக்குத்தான் தேவைப்படும்."