மைத்துனனுக்குக் காவல்

இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இருந்த சந்து வழியாக ஒரு பாட்டில் மெதுவாக முன்னால் நீண்டது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ கலங்கலாக ஆடியது.

"இதைக் குடிச்சா எல்லாம் சரியாப் போயிடும்," என்றது பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல்.

பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த தூஹோவின் கை எழுவதற்குள் கிஜுன் பாட்டிலைப் பிடுங்கிவிட்டான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். புளிப்பு வாடை. அரிசிக் கள்ளேதான்!

"பஸ்ல இதெல்லாம் கூடாதுன்னு தெரியாதா?"

"சார், அது ப்ளம் பழச் சாறு," என்றான் பின்சீட்டில் இருந்த தேகோன். கடற்படையிலிருந்து திரும்பி வந்த மூன்றாம் ஆண்டு மாணவன். கழுத்தும் தலையும் ஒரே அகலம்.

"எல்லாத்துக்கும் ஒரு நல்ல பேரு வெச்சிருப்பீங்களே!"

கிஜுன் அதை வாந்திப் பையில் கவிழ்த்தான். அடுத்த வளைவிலேயே அந்தப் பை அவனுக்கே தேவைப்பட்டது. மலைப்பாதை என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

பல்கலைக்கழகத் துறையின் வசந்தச் சுற்றுலாவில் இந்த வருடம் ராகிங் நடக்காமல் பார்த்துக்கொள்வது உதவியாளன் கிஜுனின் பொறுப்பு. போன வருடம் ஒரு புது மாணவனுக்குச் சட்டி நிறைய அரிசிக் கள்ளை ஊற்றிக் கொடுத்ததில், அவன் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தான். துறைத் தலைவருக்கு அதுதான் கவலை. கிஜுனுக்கோ அதைவிடப் பெரிய கவலை. இந்த வருடம் சேர்ந்த தூஹோ, யேரினின் தம்பி. யேரின், கிஜுன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண். தூஹோவுக்கு இது தெரியாது.

"என் தம்பிக்கு யார்கிட்டயும் 'வேண்டாம்'னு சொல்ல வராது," என்று யேரின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "அவன் ஒழுங்கா ஊர் திரும்பினா ஞாயித்துக்கிழமை உங்களை அப்பாகிட்ட கூட்டிட்டுப் போறேன். அவனை எவனாவது படுத்தினான்னு கேள்விப்பட்டேன், ஞாயித்துக்கிழமையும் கிடையாது, கல்யாணமும் கிடையாது."

அதனால்தான் பஸ் கிளம்பியபோதே கிஜுனுக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. மாணவர் தலைவி சோல்மி ஒரு பிஸ்கட் டப்பாவை எல்லோரிடமும் நீட்டிச் சீட்டு எடுக்கச் சொன்னாள்.

"என்ன சீட்டு? யார் குடிக்கணும்னா?"

"ஐயோ, மானிட்டோ சார்! யார் பேரு வருதோ, ஊர் திரும்பற வரைக்கும் அவங்களைச் சத்தமில்லாம கவனிச்சுக்கணும். கடைசியிலதான் யாருன்னு சொல்லுவோம்."

"சத்தமில்லாம கவனிக்கறதா? கேக்கவே நல்லா இல்லையே. என் பேரு இருந்தா எடுத்துடு."

"சரி சார்," என்று சொல்லிவிட்டு அவள் அவசரமாக டப்பாவை மூடினாள்.

ஆற்றங்கரை விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் கிஜுன் ஒரு முடிவுக்கு வந்தான். தூஹோவை விட்டு ஓர் அடி நகரக்கூடாது. அவன் உட்கார்ந்தால் உட்கார்ந்தான், எழுந்தால் எழுந்தான். கழிவறை வாசலில்கூடக் கைகட்டி நின்றான்.

"தூஹோ, முடிஞ்சுதா?"

"இப்பத்தான் சார் உள்ள வந்தேன்."

இத்தனை செய்தும் தேகோன் சளைக்கவில்லை. மதியம் பன்றிக்கறி சுட்ட அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, லெட்டூஸ் இலையில் கறியைச் சுருட்டி, முஷ்டி அளவுக்கு ஓர் உருண்டையைக் கிஜுனுக்கும் தூஹோவுக்கும் நடுவே நீட்டினான். உள்ளே பச்சை மிளகாயைத் திணித்திருப்பான்! தூஹோ பாவம், வாங்கி வாயருகே கொண்டுபோய்விட்டான். கிஜுன் பாய்ந்து பிடுங்கித் தன் வாயில் திணித்துக்கொண்டான். கண்ணில் நீர் முட்டியது. காரத்தால் அல்ல, உருண்டையின் அளவால்.

"நல்லா இருக்கா?" என்று தேகோன் பல்லைக் காட்டினான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கிஜுனுக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஆற்றோரம் நடந்தபோது கிஜுனின் கால் சேற்றுத் தண்ணீரில் இறங்கிவிட்டது. விடுதிக்குத் திரும்பிச் செருப்பு விடும் இடத்தில் ஈர ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். வெளியே வந்தால் ஷூவைக் காணோம். தேகோன் எதையோ சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கொதிகலன் அறைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தான்.

"தூஹோவோட ஷூன்னு நெனச்சு என்னுதை ஒளிச்சு வெச்சிருக்கான்," என்று முணுமுணுத்தான் கிஜுன். கேட்டால் உஷாராகிவிடுவான். அதனால் குளியலறைப் பிளாஸ்டிக் செருப்பை மாட்டிக்கொண்டு, குளிரில் விறைத்த காலோடு தூஹோவின் பின்னால் அலைந்தான். குதிகாலில் கொப்புளம் கிளம்பியது.

சாயங்காலம் யேரின் கூப்பிட்டாள். குரலில் நெருப்பு.

"நீங்க அங்க என்னதான் பண்றீங்க? தூஹோ அழாத குறையாப் பேசறான்! காலையிலேர்ந்து ஒருத்தன் அவனை ஒட்டிக்கிட்டே திரியறானாம். வாய்க்கிட்ட போன கறியைப் பிடுங்கித் தின்னுட்டானாம். பாத்ரூம் வாசல்லகூட நிக்கறானாம். பேரைச் சொல்லச் சொன்னா பயப்படறான்!"

"எனக்குத் தெரியும் யாருன்னு," என்றான் கிஜுன் பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னிக்கே முடிச்சுடறேன்."

போனை வைக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. தேகோன் நின்றான். கையில் பெரிய அலுமினியச் சட்டி, மேலே துண்டு மூடியிருந்தது. போன வருடத்துச் சட்டி!

"காட்டிட்டியா கைவரிசையை!" என்று கிஜுன் பாய்ந்து தட்டிவிட்டான். சட்டி உருண்டது. கள் இல்லை. ஆவி பறக்கும் உப்பு வெந்நீர் தரையெல்லாம் ஓடியது.

"வெந்நீரா? காலை வேக வைக்கப் பாத்தியாடா?"

"சார், கால் வலிக்குமேன்னு..."

"பேசாதே! மூட்டையைக் கட்டு. அடுத்த ரயில்ல நீ ஊருக்குப் போறே. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுல மிச்சத்தைப் பேசிக்கலாம்."

மாணவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். சோல்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிஜுன் முறைத்ததும் மூடிக்கொண்டாள். தேகோன் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான். தூஹோவின் காதில் ஏதோ சொன்னான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடியை நோக்கி நடந்தான்.

'ஆளை அனுப்பிட்டேன். இனிமே உன் தம்பிக்கு ஒரு குறையும் வராது,' என்று யேரினுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கிஜுன் சுவரில் சாய்ந்தான். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சட்டை போடலாம் என்று யோசித்தான்.

தூஹோ வந்தான். கையில் கிஜுனின் ஷூ. சேறு துடைக்கப்பட்டு, உள்ளே செய்தித்தாள் அடைத்து, இளஞ்சூடாகக் காய்ந்திருந்தது.

"இது எங்கேருந்து கிடைச்சுது?" என்று கிஜுன் கேட்பதற்குள் தூஹோவின் போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று தெரிந்தது. கிஜுன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை காதில் விழட்டும்.

"ஐயோ, இல்லக்கா, சார் ஊருக்கு அனுப்பின தேகோன் அண்ணன் பாவம்," என்றான் தூஹோ. "அவருக்குச் சீட்டுல வந்தது கிஜுன் சார் பேரு, அதான் சாரைக் கவனிச்சுக்கப் பின்னாலயே வந்தாரு. காலையிலேர்ந்து ஒருத்தன் என்னை ஒட்டிக்கிட்டே திரியறான்னு நான் சொன்னது, சாரைத்தான்!"