பாத்திக்குள் இறங்கிய கியர் சைக்கிள்

உடற்பயிற்சியைப் பற்றி அறிவுரை சொல்பவர்களில் மிகவும் ஆபத்தானவர், போன மாதம்தான் உடற்பயிற்சியை ஆரம்பித்தவர். சில வருடங்களுக்கு முன்னால் திண்டிவனம் வட்டாரத்தில் அந்த ஆபத்து நான்தான்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் கொஞ்ச நேரம் சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். நானோ கியர் சைக்கிள், ஹெல்மெட், இதயத்துடிப்பைக் காட்டும் வாட்ச், உடம்போடு ஒட்டிய அரை டிராயர் (இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று ஒப்பந்தம்) என்று சகல தளவாடங்களோடும் இறங்கினேன். ஒரு மாதத்தில் தொப்பை லேசாகக் குறைந்தது, வாய் நீண்டது. மூட்டுக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, தூக்கம் வரும், கோபம் போகும் என்று கண்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னேன். ஆபீசில் என்னைக் கண்டாலே, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர். ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், இனி உடம்பை அசைக்காமல் உட்கார்ந்தால் மறுபடி இங்கேதான் வர வேண்டியிருக்கும் என்று எச்சரித்திருந்தார். மாமனார் பவ்யமாகத் தலையாட்டினார். பிறகு தினமும் யாராவது ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து உப்பளத்துக்குப் போய், கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி பைக்கில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார். அத்தை கெஞ்சிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. சொல்லப்போனால் அதுதான் பிரச்சினையே.

என் மனைவி கலா ஒருநாள் கண் கலங்கி என்னிடம் வந்தாள்.

“ஏங்க, எங்கப்பா யார் பேச்சும் கேக்க மாட்டாரு. மாப்பிள்ளை சொன்னா மட்டும் தட்ட மாட்டாரு. நீங்க சொல்லுங்க.”

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நல்ல மனிதர், அவரை இழக்க எனக்கு மனமில்லை. கூடவே, இத்தனை நாள் தேடியும் கிடைக்காத, தப்பித்து ஓட முடியாத ஒரு கேட்பவர் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷமும் இருந்தது.

முதல் உப்பு வாரும் நாளைத் தேர்ந்தெடுத்தேன். அன்று உப்பளத்தில் சின்னதாக ஒரு பூஜை நடக்கும். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே ஆட்கள் வரிசையாக நின்று, உப்பு விளையும் பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துச் சிமெண்ட் தரை போல இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும். கலைந்தால் சேறும் சேர்ந்து வரும். அதனால் யாரும் செருப்புக் காலோடு பாத்தியில் இறங்குவதில்லை. இதையெல்லாம் கல்யாணமான புதிதில் மாமனார் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். நான் அப்போது முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

சைக்கிளிலேயே போய் இறங்கினால் அதுவே பாதிப் பிரசங்கம் என்று விடியற்காலையில் கிளம்பினேன். பாதி வழியில், பிரம்மதேசத்திலேயே மூச்சு முட்டியது. அங்கே டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்த உட்காரலில், தூங்குகிறேன் என்று வாட்ச் கணக்கு எழுதிக்கொண்டது.

உப்பளத்துக்குப் போனபோது எல்லாரும் காத்திருந்தார்கள். மாமனார் எதிர்க்கரையில் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் அத்தை பொங்கல் தூக்கோடு நின்றார். பெரிய கரையில் ஆட்களின் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. (அத்தனை பேரும் தினம் சைக்கிளில் வருகிறவர்கள், அவர்களுக்குப் போய் சைக்கிளின் மகிமையைச் சொல்கிறோமே என்று எனக்கு உறைக்கவில்லை. சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.) வரப்பு குறுகல், ஈரமாக வேறு இருக்கிறது, தள்ளிக்கொண்டு வாருங்கள் என்று மேஸ்திரி ஏழுமலை சொன்னார். நான் புன்னகைத்தேன். கியரை மாற்றினேன். ஏறி மிதித்தேன்.

பாதி வரப்பு வரை பிரமாதமாகப் போனது. மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல நேரம் வராது என்று ஒரு கையைத் தூக்கி, வாட்சை அவர் பக்கம் திருப்பி, என் இதயம் எப்படித் துடிக்கிறது பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

விழுந்த பாத்தியில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் முட்டி இரண்டும் சிராய்த்த ஒருவனுக்கு உப்பு ஊறிய தண்ணீர் என்ன செய்யும் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கத்தவும் முடியாது, நான் வீட்டு மாப்பிள்ளை.

அப்படியே கிடந்திருந்தால் ஓர் ஆள் அளவுக் குழியோடு போயிருக்கும். நானோ மானத்தைக் காப்பாற்ற எழுந்து, சைக்கிளை இழுத்துக்கொண்டு, ஷூ காலோடு பாத்தியின் குறுக்கே மாமனாரை நோக்கி நடந்தேன். பெடல் ஏர் மாதிரி உழுதுகொண்டே வந்தது. எல்லாரும் நில்லுங்க, நில்லுங்க என்று கத்தினார்கள். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோய், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கையசைத்தபடி இன்னும் வேகமாக நடந்தேன். கடைசியில் நடு வரப்பில் கால் வைக்க, அது இடிந்து, பக்கத்துப் பாத்தித் தண்ணீரும் உள்ளே வந்தது.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அவருடைய ஏழு தலைமுறையும் அன்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும். வீட்டு மாப்பிள்ளையைத் திட்ட வழியில்லை. ஏழுமலை வானத்தைப் பார்த்தார். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். மாமனார் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வாங்க மாப்ள. சாப்டீங்களா?”

என்னைக் கழுவி, அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்து, கையில் பொங்கலைக் கொடுத்தார்கள். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினார். ஏழுமலை பதறிப்போய்த் தடுத்தார். மாமனாரோ, எங்க வீட்டு மாப்பிள்ளை கலைச்சதுக்கு உங்க காலையா நோகடிக்கறது, நாந்தான் மிதிக்கணும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உதவப் போகலாம் என்று எழுந்தேன்.

“நீங்க உக்காருங்க மாப்ள,” என்றார். அவ்வளவு மரியாதையான கெஞ்சலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

தண்ணீரை வடித்துவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று மிதித்தார். மற்றவர்கள் தாமாகவே சேர்ந்துகொண்டும் அவர் விடவில்லை. தரை இறுகிய பிறகும் காலையில் எழுந்து வரப்புகளைச் சுற்றிவருவது பழக்கமாகிவிட்டது. நாங்கள் ஊருக்கு வருகிறோம் என்று கலா போன் செய்தால், அன்று கூடுதலாக ஒரு சுற்றுப் போய்க் காவல் காப்பாராம்.

அடுத்த பரிசோதனைக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என்ன எக்சர்சைஸ் செய்கிறீர்கள், வாக்கிங்கா சைக்கிளிங்கா என்று கேட்டார்.

மாமனார் சற்று யோசித்து, “சைக்கிளிங்தாங்க,” என்றார்.

தினமும் ஓட்டுகிறீர்களா என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

“நான் எங்கங்க ஓட்டறேன். எங்க மாப்ள ஒரு வாட்டி ஓட்டனாரு.”

என் சர்க்கரை இன்னும் அதே எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. சொந்தக்காரர்களில் யாராவது இளைத்துப்போய் வாசலில் வந்து நின்றால், அத்தை தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே கேட்பது ஒன்றுதான்: எங்க மாப்பிள்ளை உங்க ஊர்ப் பக்கம் சைக்கிள்ல வந்தாரா?