கண்டத்திட்டில் ஒரு மாப்பிள்ளை

ஜொகூர்க்காரனின் கைப்பேசிக்கு நாட்டுப்பற்று கிடையாது. ஜொகூர் பாருவில் நான் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டின் வரவேற்பறையில் அது மலேசியாவில் இருக்கும். குளியலறைக்குள் கொண்டுபோனால் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்துவிடும். தலையில் ஷாம்பு நுரையோடு நின்ற என்னை அண்டை நாடு எத்தனையோ முறை குறுஞ்செய்தி அனுப்பி அன்போடு வரவேற்றிருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. எனக்கும் தெரியும். ஆனால் தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் மட்டும் அது என் மண்டையை விட்டு எங்கோ போய்விட்டது. (“மண்டையில அதுக்கு எடம் எங்க இருந்துச்சு, முழுக்கச் சட்டந்தானே” என்பாள் என் மனைவி.)

அப்போதுதான் கடல் சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தேன். கண்டத்திட்டு உரிமைகள் என் ஆய்வு. நிலம் கரையோடு முடிந்துவிடுவதில்லை, கடலுக்கடியிலும் நீண்டுகொண்டே போகிறது. அந்த நீட்சிதான் கண்டத்திட்டு. அதில் கரை நாட்டுக்கு என்ன உரிமை, பக்கத்து நாட்டோடு எங்கே கோடு கிழிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவன் நான். கிடைத்த வேலை என்னவோ, ஒரு வக்கீல் அலுவலகத்தில் வீடு வாங்கும் பத்திரங்களுக்குப் பக்க எண் போடுவது. அதனால் யாராவது அகப்பட்டால் விடமாட்டேன். ஒரு கல்யாண விருந்தில் அப்பளத்தை உடைத்து வைத்து எல்லைக்கோட்டை விளக்கப்போய், பக்கத்து நாற்காலிக்காரர் பாயசத்தைக்கூட எதிர்பார்க்காமல் எழுந்து போனார்.

கலைச்செல்வியைக் கட்டிக்கொள்ள நான் ஆசைப்பட்டதும் இந்த லட்சணத்தில்தான். அவள் குளுவாங் மருத்துவமனையில் தாதி. அவளுடைய அப்பா முனியாண்டி, காஹாங்கில் செம்பனைப் பழ லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். உலகத்தில் அவருக்குப் பிடித்தவை மகள்களும் மீன்பிடிப்பதும். (எது முதலில் என்று கேட்டால் யோசிப்பார்.) பெண் கேட்டு வருகிறவனை அவர் வீட்டில் வைத்து எடைபோட மாட்டார். படகில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கலையின் அக்காள் கணவரையும் ஒரு பகல் முழுக்கக் கடலில் வைத்திருந்துவிட்டுத்தான் சரி என்றாராம். அவருக்கு முன்னால் வந்த ஒருவர் கரையேறிய கையோடு பஸ் பிடித்துப் போனவர்தான், அப்புறம் தகவலே இல்லை.

கலை முன்கூட்டியே எச்சரித்தாள். “அப்பாவுக்குப் படகுல பேச்சுச் சத்தம் ஆவாது. ஒரு நாளைக்கு மட்டும் சட்டம் பேசாம இருந்துருவியா?”

இருந்துவிடுவேன் என்றேன். உண்மையாகவே முடியும் என்றுதான் நம்பினேன்.

அவளே எங்களைக் காரில் ஏற்றி சுங்கை ரெங்கிட் படகுத்துறையில் இறக்கிவிட்டாள். படகில் நானும் முனியாண்டியும், படகோட்டி பாக் மாட்டும். மீன்பிடிக்கப் போகிறேன் என்று தெரிந்தும், பெண் வீட்டு மரியாதைக்காக இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்திருந்தேன். எதிரே இந்தோனேசியாவின் பிந்தான் தீவு நீலப் பட்டையாகத் தெரிந்தது. எல்லைக்கு இவ்வளவு கிட்டே வந்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, பசித்தவனைப் பிரியாணிச் சட்டி பக்கத்தில் கையைக் கட்டி உட்காரவைத்தது போல இருந்தது. நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம் தீரும்வரை தாக்குப்பிடித்தேன்.

அப்புறம் ஆரம்பித்துவிட்டேன். இங்கிருந்து கிழக்கே தள்ளிப் போனால் கடலடி நிலத்துக்குக் கோடு போட்டாயிற்று, மேலே இருக்கும் தண்ணீருக்குப் பல இடங்களில் இன்னும் பேச்சு முடியவில்லை, ஆகவே கீழே தரை ஒரு நாட்டுக்கும் மேலே தண்ணீர் இன்னொரு நாட்டுக்கும் என்றுகூட ஆகலாம் என்றேன். முனியாண்டி தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்ப நடுவுல நீந்துற மீனுக்கு எந்த நாட்டு ஐசி, தம்பி?”

அடையாள அட்டையைப் பற்றிக் கேட்டது கிண்டல் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். நீந்தும் மீன் கண்டத்திட்டில் சேராது என்றேன். சிப்பி மாதிரி தரையில் ஒட்டிக் கிடப்பவை, தரையைத் தொடாமல் நகர முடியாதவை, அந்த உயிரினங்கள் மட்டுமே கரை நாட்டுக்குச் சொந்தம். கரை நாடு அவற்றைப் பயன்படுத்தாமல் சும்மா போட்டுவைத்தாலும் உரிமை போகாது, வேறு யாரும் வந்து கைவைக்க முடியாது. அவர் “ம்” என்றார். பாக் மாட் படகின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் முனியாண்டியின் தூண்டில் வில்லாய் வளைந்தது. மனிதர் எழுந்து நின்றுவிட்டார். பெரிய கெராப்பு மீன், தண்ணீருக்கடியில் அதன் பழுப்பு முதுகு ஒரு தரம் புரண்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. “தம்பி, வலைய எடுங்க” என்றார். முதல் முறையாக என்னை ஒரு காரியத்துக்கு அழைக்கிறார். பாய்ந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். இந்தோனேசியா என்னை வரவேற்றிருந்தது.

எல்லை தாண்டிவிட்டோம் என்று முடிவுகட்டினேன். அந்நிய நாட்டுக் கடல், அந்நிய நாட்டு மீன், படகில் ஒரு கடல் சட்ட நிபுணன். என் படம் நாளிதழில் வருவதுபோல் கண்ணில் ஓடியது. அந்த மீன் படகில் ஏறினால் அதுதான் எங்களுக்கு எதிரான சாட்சி. இரை நறுக்கும் கத்தி காலடியில் கிடந்தது. எடுத்தேன், தூண்டில் நூலை அறுத்தேன்.

வளைந்திருந்த கோல் நிமிர்ந்தது. முனியாண்டி அறுந்த நூலைச் சுருட்டி எடுத்தார்.

“ஏன்?” என்று மட்டும் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் ஒரு ரோந்துப் படகு எங்களை நோக்கி வந்தது. எனக்கு அதற்குமேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கினேன். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, இருப்பதிலேயே சுத்தமான மலாயில் வாக்குமூலம் கொடுத்தேன்: தவறுதலாக நுழைந்துவிட்டோம், தீங்கில்லாமல் கடந்துபோகிறவர்கள், எங்களிடம் மீன் எதுவும் இல்லை. (அது உண்மைதான், என் புண்ணியத்தில்.) இந்தப் பெரியவர்களை விட்டுவிடுங்கள், குற்றமெல்லாம் என்னுடையது என்றும் சேர்த்துக்கொண்டேன். பாக் மாட் “அலமாக்” என்று தலையில் கைவைத்தார்.

ரோந்துப் படகில் நின்ற அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தமிழில் பேசினார். “அண்ணே, கைய எறக்குங்க. இது நம்ம ஜொகூர் கடல்தான் லா. அந்த லைஃப் ஜாக்கெட்ட மட்டும் ஒழுங்கா மாட்டுங்க.”

கைப்பேசியை ஆதாரமாக நீட்டினேன். அவர் தன்னுடையதை எடுத்துக் காட்டினார். அதுவும் இந்தோனேசியாவில்தான் இருந்தது. “காலையிலேர்ந்து போயிட்டுப் போயிட்டு வருது” என்றார். எனக்குப் பின்னால், வெறுங்கண்ணுக்கே தெரிகிற தூரத்தில், சுங்கை ரெங்கிட் கடைகளின் கூரைகள் வெயிலில் மின்னின.

அவர்கள் போனதும், அதுவரை பயத்தில் அடங்கியிருந்த குமட்டல் மேலே வந்தது. சாப்பிட்ட நாசி லெமாக்கைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகின் தரையில் விழுந்தேன். தலையைத் தூக்கினால் வானம் சுற்றியது, மறுபடி ஒட்டிக்கொண்டேன். முனியாண்டி புது நூல் கட்டித் தூண்டிலைப் போட்டார். மாலைவரை ஒரு மீனும் வரவில்லை. கலை எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. வெட்கம்கூட அப்புறம்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. கடல் தெறித்ததுபோல் துடைத்துக்கொண்டேன்.

கரையில் கலை காத்திருந்தாள். அப்பாவின் முகத்தையும் வெறும் ஐஸ் பெட்டியையும் பார்த்தாள். என்னைத் தேடினாள். நான் இன்னும் படகின் தரையில்தான் இருந்தேன். முனியாண்டி துறையில் ஏறி நின்று என்னைக் குனிந்து பார்த்தார்.

“தம்பி, தரையில ஒட்டிக்கிட்டு நகர முடியாமக் கெடக்குறது யாருக்குச் சொந்தம்னு சொன்னீங்க?”

“கரைக்கு, அங்கிள்” என்றேன். அந்த நிலையிலும் சரியான பதில்.

அவர் மகளிடம் திரும்பினார். “கேட்டுக்கிட்டியா? கரைக்கு வந்தாச்சு. சட்டப்படி இது ஒனக்குத்தான். எடுத்துக்க.”

பெரிய மீனைத் தொலைத்தவனுக்கு எப்படிச் சம்மதித்தீர்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் கேட்டேன். “போலீசு கேக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க, எங்க தப்பயும் சேத்து. எம் மககிட்ட நீங்க என்னத்த மறைச்சிருவீங்க?” என்றார். ஆனால் அந்தக் கெராப்புக்காக அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அது கொஞ்சம் வளர்கிறது. இப்போது படகு கொள்ளாத அளவுக்கு வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் பூப்பந்து விளையாட என்னைக் கூப்பிட வந்தார். நான் சோபாவில் படுத்திருந்தேன். கலை வாசலிலேயே நின்று, அது கண்டத்திட்டு உயிரினம், இடத்தை விட்டு நகராது, வேறு யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகவும் முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். இதை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன பயன் என்று அந்த மனிதர் கேட்டுவிட்டார்.

கலை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“பயன் ஒண்ணும் இல்ல. ஆனா உரிமை போகாது.”