வெளிச்சத்துக்குக் காத்திருப்பவர்

கேமராவோடு ஊர் சுற்றுபவர்களில் ஓர் அபூர்வ இனம் உண்டு: படம் எடுக்காத இனம். கழுத்தில் கேமரா, தோளில் தோல் பை, பைக்குள் லைட் மீட்டர், லென்ஸ் துடைக்க மெல்லிய துணி, கக்கத்தில் மடக்கு ஸ்டாண்டு என்று சகல ஆயத்தங்களோடு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "வெளிச்சம் சரியில்லை" என்பார். அவ்வளவுதான். அன்றைய வேலை முடிந்தது.

நீங்கள் பார்த்ததில்லையா? எழுபதுகளில் தாம்பரம் பக்கம் வந்திருந்தால் அசரியா சாரைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். ஓய்வு நேரத்தில் புகைப்பட அன்பர் குழுவின் தலைவர். வருஷத்துக்கு ஒன்று வீதம் அவர் எடுத்த படங்கள் வீட்டுச் சுவரில் தொங்கின. மழையில் நனைந்த காகம் இருந்தது, மாட்டு வண்டிச் சக்கரம் இருந்தது. மனைவி மெட்டில்டா மட்டும் இல்லை.

பாலாற்றங்கரை ஊர்களுக்குக் குழு வேனில் கிளம்பிய அன்று மெட்டில்டாவும் மாம்பழ நிறப் பட்டு கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"தங்கச்சி போட்டோ கேட்டு உயிரை எடுக்கறா. இன்னிக்காவது என்னை ஒண்ணு எடுத்துடுங்க."

"எடுத்துட்டாப் போச்சு," என்றார் சார். சும்மா சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். இந்த இனத்துக்கு நல்ல மனசுக்குக் குறைவே கிடையாது.

செங்கல்பட்டில் மேகம். காஞ்சிபுரத்தில் வெயில் அதிகம். வாலாஜாபாத்தில் வெயிலும் மேகமும் சரியாக இருந்தன, ஆனால் மெட்டில்டா நின்ற சுவர் சரியில்லை. தான் எடுக்காவிட்டால் போகிறது, அடுத்தவரை எடுக்க விட்டாரா? குரோம்பேட்டையில் ரேடியோ கடை வைத்திருந்த அப்துல் கஃபார் தன் பழைய பெட்டிக் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் சார் குறுக்கே பாய்ந்து, ஒரு கையை உயர்த்தி, "பாய், இருங்க! ஆங்கிள் தப்பு!" என்பார். கஃபார் பயந்துபோய், பாதி நேரம் அந்தப் பயத்திலேயே பொத்தானை அழுத்திவிடுவார்.

"சாயங்காலம் திருமுக்கூடல்ல பாருங்க," என்று சார் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தார். "மூணு ஆறு சேர்ற இடம். பொன்னா ஒரு வெளிச்சம் வரும். மெட்டி, உன்னை அங்கதான்."

போய்ச் சேர்ந்தார்கள். ஸ்டாண்டை நட்டார். மெட்டில்டா செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். வெளிச்சம் வருவதற்குள், அந்த வெளிச்சத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவைப்போம் என்று சார் ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குழுவுக்கு விளக்கத் தொடங்கினார். சூரியன் சாயும் கோணம், காற்றில் தூசி, மணல் திருப்பித் தரும் ஒளி! வாத்தியார் அல்லவா? பாடம் சூடுபிடித்துவிட்டது.

"சார், பின்னாடி..." என்றார் கஃபார்.

"குறுக்கே பேசாதீங்க பாய்."

கஃபார் பேசவில்லை. ஒரு கிளிக் சத்தம் மட்டும் கேட்டது. பாடத்தை முடித்து சார் திரும்பியபோது மெட்டில்டா கரையேறிப் புடவை பிழிந்துகொண்டிருந்தாள். சூரியன் பனைகளுக்குப் பின்னால் போய்விட்டது.

"சே, இன்னிக்கு வெளிச்சமே வரலை," என்றார். மெட்டில்டா செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினாள்.

அடுத்த கூட்டத்தில் கஃபார் தன் படங்களைப் பரப்பினார். கோபுரம், அதன் முன்னால் சாரின் கை. மண்டபம், அதன் முன்னால் சாரின் முதுகு. கடைசிப் படத்தில்தான் சார் இல்லை. தண்ணீரில் மெட்டில்டா நின்றிருந்தாள். முகமெல்லாம் பொன் வெளிச்சம், வாயெல்லாம் சிரிப்பு. இத்தனை அழகானவளோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று சார் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. மூக்குக்குக் கீழ நிழல் விழுது."

"விழட்டுங்க," என்றாள் மெட்டில்டா. "படத்துல நான் இருக்கேன்ல?"

கூட்டம் கலைந்ததும் சார் கஃபாரைத் தனியே இழுத்துப்போய், "எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுங்க பாய்," என்றார். இரண்டடி போய்த் திரும்பி வந்து, "இடது ஓரத்தை மட்டும் கொஞ்சம் வெட்டிடுங்க," என்றார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. கதையில் சாரின் அந்தக் கடைசி வரியை வெட்டியிருக்கலாம் என்று மட்டும் தோன்றினால், கழுத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். கேமரா தொங்கினாலும் தொங்கும்.