சைனம்பு என்கிற என் மூத்த மகள்

எங்கள் ஊர்ச் சரித்திரத்துக்கு நான் செய்த பங்களிப்பு ஒரே ஒரு பொய்தான். அது காரைக்கால் மேரியில் (நகரசபைக் கச்சேரிக்கு அப்போது எங்கள் வாயில் வேறு பெயர் கிடையாது) நல்ல காகிதத்தில், பிரெஞ்சில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பத்திரமாக இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் போவதற்கு முந்தைய டிசம்பர் கடைசியில் எனக்கு மகள் பிறந்தாள். மூன்று நாளைக்குள் பெயரோடு பதிய வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஏழாம் நாள் தலைமுடி இறக்கிவிட்டுத்தான் பெயர் வைப்போம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சட்டம் என்றாலே எனக்குப் பயம். மூன்றாம் நாள் மச்சான் காசிமையும் பக்கத்துக் கடைக்காரரையும் சாட்சிக்கு இழுத்துப் போய், வாயில் வந்த 'சைனம்பு'வைச் சொல்லிவிட்டு வந்தேன். ஏழாம் நாள் வீட்டில் வைத்த பெயர் ஜொஹரா.

பெயரைத் திருத்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அதற்குள் ஜனவரி பிறந்து புதுப் பதிவேடு திறந்திருந்தார்கள், எழுதுகிறவரும் புதியவர். (என் மூளை வேலை செய்த அபூர்வமான நாள் அது.) அதே சாட்சிகளோடு போய், குழந்தை நேற்றுத்தான் பிறந்தது, பெயர் ஜொஹரா என்று எழுதவைத்தேன். மச்சான் எதற்கும் கையெழுத்துப் போடுவார். பதிலுக்கு ஒரு டீ போதும்.

ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பள்ளியில் சேர்க்க ஜொஹராவின் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அன்றே கடைசி நாள். அவளையும் கூட்டிக்கொண்டு மேரிக்கு ஓடினேன். பதிவறைக்காரர் நிதானமான மனிதர். பழைய ஏடுகளுக்கெல்லாம் தகப்பன் பெயர்வாரியாக அட்டவணை போட்டு முடித்திருந்தார். என் பெயரில் வைத்த விரலை அவர் எடுக்கவே இல்லை.

"மரைக்காயரே, டிசம்பர்ல ஒரு பொண்ணு. ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஒரே தாயாரா?"

தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

"அப்ப மூத்தது எங்க? அது தெரியாம சின்னதுக்குப் பத்திரம் தர முடியாதுங்க."

உண்மையைச் சொன்னால் ஜெயில், மச்சானுக்கும் சேர்த்து, என்று முடிவு கட்டிவிட்டேன். "சைகோன்ல பெரியம்மா வீட்டுல இருக்காங்க," என்றேன். (ஐந்து வயதுப் பிள்ளைக்கு மரியாதை வேறு.)

அவர் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு சைகோன் விலாசம் கேட்டார். ஜொஹரா என் சட்டையை இழுத்தாள்.

"வாப்பா, எனக்கு லாத்தா இருக்கா?"

கேட்டவள் தேம்ப ஆரம்பித்தாள். கூட விளையாட ஒரு அக்காவை வைத்துக்கொண்டே இத்தனை நாள் மறைத்துவிட்டேனாம். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், காய்ச்சல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மச்சானின் இரண்டு கையெழுத்துகளையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஜொஹராவுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சைனம்புவை ஏட்டிலிருந்து அடிக்கத் தனக்கு அதிகாரமில்லை, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார்.

நான் போகவில்லை. ஆகவே சைனம்பு இருக்கிறாள். எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் உடைத்தது லாத்தாதான். சர்க்கார் உறையோடு தபால்காரர் வந்தால் நான் இன்றும் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

போன வாரம் ஜொஹராவுக்கு மாப்பிள்ளை பேச்சை எடுத்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூத்தவ சைகோன்ல காத்துக்கிட்டிருக்கா. இளையவளுக்கு எப்படிங்க முதல்ல முடிக்கிறது?"