செவ்வந்திக்குப் பாதிச் சனி

அந்த மார்கழியில் கொல்கத்தாவில், காளிகாட் பக்கத்து மண்டபம் ஒன்றில் செவ்வந்திப் பூ ஜாதகம் பார்த்தது. மற்ற ஜோசியர்கள் ஈ ஓட்டினார்கள்.

ஏற்பாடு எளிது. அவரவர் வெள்ளைச் செவ்வந்தி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். செவ்வந்தி சுவாமிகள், வாய் குறுகிய செப்புச் சொம்பில் கங்கை ஜலம் நிரப்பித் தருவார். பூவை அதில் வைத்துச் சிவப்புத் துணியால் மூடிவிட்டுச் சாயங்காலம்வரை பஜனை செய்ய வேண்டும். துணியை எடுக்கும்போது பூ வெள்ளையாகவே இருந்தால் கிரகம் சுத்தம். நீலமாகியிருந்தால் சனி வந்து உட்கார்ந்துவிட்டார்! சனி பகவானும் விவரமானவர். வசதியான கல்யாண வீட்டுப் பூவாகப் பார்த்தே குடிபுகுந்தார். அவரைக் காலி செய்யச் சுவாமிகள் நடத்திய ஹோமத்துக்காக மாமிகள் வளையலைக் கழற்றினார்கள். ஹோமத்துக்குப் பிறகும் சனி நகராமல் நின்றுபோன கல்யாணங்களும் உண்டு. அது பக்திக் குறைவாம்.

கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? சால்ட் லேக் ஐ.டி. பையன்கள் வெளிநாட்டு ஆன்சைட் கிடைக்குமா என்று பூவும் கையுமாக நின்றார்கள். மொட்டைமாடித் தொட்டியில் இதே பூவை வளர்த்துப் பரிசு வாங்கும் மாஷிமாக்கள் எனும் வங்காளி மாமிகள்கூட, தங்கள் வீட்டுச் செடி ஒருநாளும் வாய் திறக்கவில்லையே என்ற குறையோடு வரிசையில் சேர்ந்தார்கள்.

மதுவந்திக்குத் தையில் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று. அப்போதுதான் வருங்கால மாமியார் பட்டம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

“பொண்ணோட பூ வெள்ளையா இருந்தா முகூர்த்தம். நீலமாச்சுன்னா சுவாமிகள் சொல்றவரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது.”

பெண்ணின் அப்பா அனந்தகிருஷ்ணன் கையைப் பிசைந்தார். மாப்பிள்ளை ஜெய்ராம் போனில் கெஞ்சினான்.

“மது, அம்மாவுக்காக ஒரு தடவை வந்துடேன்.”

“நீலமாச்சுன்னா?”

“ஆகாதுன்னு நம்பலாமே!”

“நம்பறதுக்கா எனக்குச் சம்பளம் குடுக்கறா?”

மதுவந்தி சாஃப்ட்வேர் டெஸ்டர். ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று பிறர் கொண்டுவருவதை உடைத்துப் பார்ப்பதே உத்தியோகம். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. அவள் தொழிலின் அரிச்சுவடி அதுதான். இங்கே மாற்றக்கூடியவை இரண்டு: பூ, சொம்பு. ஒரே பூ, இரண்டு சொம்பு என்றால்?

குறித்த நாளில் காம்பை அடியிலிருந்து பிளேடால் இரண்டாகக் கீறி, நூல் சுற்றிக் கொண்டுபோனாள்.

“சுவாமி, எல்லாச் சொம்புலயும் ஒரே ஜலம்தானே?”

“ஒரே கங்கைதாம்மா. பேசறது பூ!”

பெண் வீட்டுச் சொம்பும், முறைக்காக ஜெய்ராமும் ஒரு பூ வைத்த பிள்ளை வீட்டுச் சொம்பும் ஒட்டி இருந்தன. நமஸ்காரம் பண்ணுகிற சாக்கில் நூலை உருவி, காம்பின் ஒரு காலைத் தன் சொம்பிலும் மறுகாலை ஜெய்ராம் சொம்பிலும் விட்டாள். பார்த்துவிட்ட ஜெய்ராம் உரக்கப் பஜனையை ஆரம்பித்தான். சிவப்புத் துணி வந்து மூடியது. சுவாமிகளின் ரகசியத்தை மறைத்த துணி, அன்று அவள் ரகசியத்தையும் சேர்த்து மறைத்தது.

சாயங்காலம் துணி விலகியது. ஜெய்ராமின் பூ பால்வெள்ளை. மதுவந்தியின் பூவில் ஒரு பாதி நீலம், மறுபாதி வெள்ளை!

“ஓ மா! அர்த்தேக் ஷொனி?” என்று ஒரு மாஷிமா அலறினாள். பாதிச் சனியா என்று தமிழ் மாமிகளும் முழித்தார்கள்.

சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டு, “ஏழரையில பாதி கழிஞ்சிருக்கு. மூணே முக்கால் பாக்கி” என்றார்.

மதுவந்தி பூவைத் தூக்கினாள். இரண்டு கால்களும் சொட்டின.

“வெள்ளைப் பாதி அவர் சொம்புல நின்னுது. நீலப் பாதி என் சொம்புல நின்னுது. பூ ஒண்ணுதான் சுவாமி. பேசினது பூவா, சொம்பா?”

பட்டம்மாள் மெல்ல எழுந்தாள். மதுவந்தியின் சொம்பை எடுத்துக்கொண்டு நேரே சுவாமிகளிடம் போனாள்.

“கங்கை ஜலம்தானே? ஒரு வாய் தீர்த்தம் சாப்பிடுங்கோ.”

“இன்னிக்கு… விரதம்.”

“தீர்த்தத்துக்கு என்ன விரதம்? வாயைத் திறங்கோ!”

சுவாமிகள் தலையைத் திருப்ப, சொம்பு சாய்ந்தது. தூய வெள்ளை வேஷ்டியில் இடுப்பிலிருந்து கீழே நீலம் இறங்கியது. சுவாமிகளைச் சனி முழுதாகவே பிடித்துவிட்டார்! வாசலை நோக்கி ஓடியவரை வளையல் இழந்த மாமிகள் வளைத்துக்கொண்டார்கள்.

“தை முகூர்த்தத்தில மாத்தமில்லை சம்பந்தி” என்றாள் பட்டம்மாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

“அப்போ என் பூ வெள்ளையா இருந்ததே, அதுவும் பொய்யா?” என்று ஒரு ஐ.டி. பையன் அழமாட்டாக் குறையாகக் கேட்டான்.

மதுவந்தி அவனையும் கூட்டத்தையும் சேர்த்தே பார்த்தாள்.

“பூவுக்கு மூளை கிடையாது, ஊத்தினதைக் குடிச்சுது. உங்களுக்கு என்ன கேடு?”