டிராகனின் ஐந்தாவது நகம்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கையும் நலம். டிராகன் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாரோடு வந்து, எங்களிடம் தாங்கள் விட்டுப்போன, டிராகன் படம் போட்ட பழைய சீனத்து நீலவெள்ளை ஜாடியை அவர்களுக்குக் காட்டப்போவதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சந்தோஷத்தில் வாசல் கதவுக்கு நானே வெள்ளை பெயிண்ட் அடித்தேன். முப்பத்தைந்து வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்திய கை, பிரஷ்ஷையும் அதே வேகத்தில் குத்தியிருக்கிறது, ஒரு சொட்டு தெறித்து ஜாடிமேல் விழுந்தது, அதுவும் டிராகனின் காலில், அதுவும் தாங்கள் வருகிறவர்களுக்கெல்லாம் "அஞ்சு நகம், அரசருக்கு மட்டும்தான் அஞ்சு" என்று தொட்டு எண்ணிக்காட்டுவீர்களே, அதே காலில். காய்வதற்குள் துடைக்கலாமென்று துணியை டர்பெண்டைனில் நனைத்துத் தேய்த்தேன். வெள்ளை போயிற்று. பின்னாலேயே ஐந்தாவது நகமும் போயிற்று.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தேன், வழுக்கியது. மைப்பேனாவால் வரைந்தேன், மை ஒழுகி, கீழே இருக்கும் அலைகள்வரை போய்ச் சேர்ந்தது. கடைக்குப் போயிருந்த தங்கள் தங்கை திரும்பி வந்து பார்த்தாள்.

"என்னங்க, டிராகனுக்குச் சேத்துப்புண்ணா?" என்றாள். உள்ளே போனவள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறந்த வீட்டுப் பொருளாயிற்றே, அழாமல் என்ன செய்வாள்.

மாடியில் குடியிருக்கும் அருங்காட்சியகத்து அம்மாவைக் கூட்டி வந்தேன். பழைய பீங்கானைப் பரிசோதிப்பதுதான் அவர் உத்தியோகம். ஜாடியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்து மேகம், முத்து, செதில் எல்லாம் பார்த்தார்.

"நல்ல பழைய ஜாடிதான் சார். நீலத்துல வரைஞ்ச பிறகுதான் மேல கண்ணாடி மாதிரி பூச்சு குடுத்துச் சுட்டிருக்காங்க. எதைப் போட்டுத் தேய்ச்சாலும் அழியாது."

"நான் அழிச்சிட்டேனேம்மா."

அவர் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மத்த மூணு கால்லயும் நாலு நகம்தான் சார் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

மச்சான், அப்போதுதான் விபரீதம் புரிந்தது. டர்பெண்டைன் நெடியே மற்ற மூன்று கால்களையும் பதம் பார்த்துவிட்டது. எத்தனையோ தலைமுறையாக யாராலும் அழிக்க முடியாததை அரை நிமிஷத்தில் அழித்த பாவி நான். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாரிடம் நானே குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், தங்கள் வாக்குக்குப் பங்கம் வராது. என்னை மன்னிக்க மனம் வராவிட்டாலும், தங்கையைப் பார்க்கவாவது அவசியம் வரவேண்டும்.

தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
தங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: அண்ணா, இது நான். உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். மனுஷன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உன் பள்ளிக்கூடச் சிநேகிதன் வந்து, நாலு நகம் இருந்தால் அது அரசர் வீட்டு ஜாடியே இல்லை என்று கேலி செய்த அன்று, உனக்குப் பன்னிரண்டு வயது. சைக்கிளுக்கு அடிக்க வைத்திருந்த நீலப் பெயிண்ட் டப்பாவை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நீதான் அந்த நகத்தை வரைந்தாய். அம்மா வந்துவிட்டதால் ஒரு காலோடு நிறுத்தினாய். கையில் பெயிண்ட் இருந்ததற்கு அடி வாங்கியவள் நான். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்து உன் வாயாலேயே சொல்லு. அதற்குத் தைரியம் இல்லையென்றால், சம்பந்தி வீட்டார் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வா, நாலு காலையும் முடித்துவிடலாம். இந்தத் தடவை டப்பாவை நீயே பிடித்துக்கொள்.